பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. முசிறியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன் என்றுதான் பெயர். கடைக்குள் இருக்கும் நேரத்தைவிட வெளியே சுற்றும் நேரம்தான் அதிகம். அப்படிப்பட்டவனைப் பலகை இருக்கையில் நாள் முழுக்க உட்கார வைத்தால் என்ன ஆகும்? கொழும்பிலிருந்து மலையேறும் ரயிலில், நாவலப்பிட்டி வருவதற்குள் எதிரில் இருந்தவர் இரண்டு முறை காலை இழுத்துக்கொண்டார். மூன்றாவது முறை நான் மிதித்தேவிட்டேன்.

போன காரியம் சின்னது. ஒரு காகிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் அக்கா செல்லாயி பதினெட்டு வயதில் கல்யாணமாகி மச்சானோடு கப்பலேறியவள். இருபது வருஷமாக ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். இப்போது அவளும் மச்சானும் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு வீடோ நிலமோ இல்லை என்று எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும் என்று அக்கா பயந்தாள். நான் கிளம்பிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், ஊரை விட்டு நகர எனக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது. தேர் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்று எங்கள் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு. எங்கள் தெருக் கூட்டத்தில் ஒருத்தர் விடாமல், "கீழத்தெருவோடு பேச்சே கிடையாது" என்று கத்தினோம். நானும் கத்தினேன். அன்றிலிருந்து என் கடையில் பங்க்சர் ஒட்டும் மாணிக்கம் வேலைக்கு வரவில்லை. அவன் கீழத்தெரு. பன்னிரண்டு வருஷச் சிநேகம்.

வட்டவளையில் ரயில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. முந்தின வாரம் அடித்த மழையில் மலை சரிந்து தண்டவாளத்தின் மேல் விழுந்து கிடந்தது. இறங்கி, சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வேறு ரயிலில் ஏற வேண்டுமாம். என் ட்ரங்க் பெட்டியில் அக்காவுக்கு அரிசி முறுக்கு, வடகம், புளி, இரண்டு சேலை. பத்தடி போவதற்குள் முழங்கால் வரை சேறு. ஒரு கை நீண்டு வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

பியதாச என்று பெயர் சொன்னார். சிங்களவர். நாற்பது வயதிருக்கும். சின்ன வயதிலிருந்தே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் வெற்றிலையும் காய்கறியும் விற்றவராம். தமிழ் நன்றாகவே வந்தது. பெட்டியின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அந்தப் பக்கத்து ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. அவர் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பல் என்ற மிளகாய்த் துவையலும் எடுத்தார். பாதியை என் கையில் வைத்தார். காரம் உச்சியில் ஏறியது. எங்கள் வீட்டு மிளகாய்த் துவையல் அதன் முன்னால் வெறும் பாயசம். நான் முறுக்கு கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு இன்னும் மூன்றை மடியில் கட்டிக்கொண்டார். வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

ஹட்டன் பஸ் நிலையம் வரை பெட்டியைத் தூக்கி வந்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். வெள்ளைக்காரன் வைத்த பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. ஆட்கள் வைத்த பெயரைச் சொன்னேன்: பாறைத்தோட்டம். பியதாச பெட்டியைக் கீழே வைத்தார்.

"நம்ம ஊரு அதுக்குக் கீழதான்" என்றார். சிரிப்பு போய்விட்டது. "ஒரு வாரமா எங்க வாய்க்கால்ல தண்ணி இல்ல. உங்க ஆளுங்க ஊத்த அடைச்சிட்டாங்க. போய்ச் சொல்லுங்க, தண்ணிய விடச் சொல்லி."

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். ஊர் பக்கத்தில்தான் என்றாலும் என்னோடு அதே பஸ்ஸில் ஏறவில்லை. பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு பேர் சிங்களத்தில் காரமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேச்சு என்று கேட்டேன். "தோட்டத்துக்காரன் தண்ணிய எடுத்துக்கிட்டான், ஒரு நாளைக்குப் பாத்துக்குவோம்னு பேசிக்கிறாங்க" என்று காதோடு சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா லயத்து வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என் காலைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு காலிலும் அட்டைகள் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கித் தொங்கின. சவர்க்காரத்தைத் தேய்த்து அவற்றை உதிர்த்தாள். காலைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர்தான் தந்தாள்.

"கோவிச்சுக்காத தம்பி. பீலியில தண்ணி நின்னு போச்சு. மூங்கில் எங்கியோ சரிஞ்சு கெடக்காம். கீழ ஓடையில போயி கொடத்துல தூக்கியாறோம்."

பீலி என்றால் மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழும் தண்ணீர்க் குழாய். லயத்துச் சனம் முழுக்க அதை நம்பித்தான் குடிக்கிறது, குளிக்கிறது. காட்டோரத்தில் இருக்கும் ஒரே ஊற்றிலிருந்துதான் இங்கே மூங்கிலும் கீழே ஊருக்கு வாய்க்காலும் பிரிகின்றன என்று மச்சான் சொன்னார். மச்சான் முனியாண்டி தோட்டக் கமிட்டித் தலைவர். குரல் பெரிசு, மீசை அதைவிடப் பெரிசு.

காகிதத்தைக் கொடுத்தேன். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். வருகிற வியாழக்கிழமை விசாரணை. "மனு எழுதித் தந்த மாஸ்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. போலீஸ் கேஸ் கீஸுன்னு எதுலயும் மாட்டிக்கக் கூடாது. மாட்டுனா இருவது வருஷமும் அவ்வளவுதான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே தப்பு மேளச் சத்தம் என்னை எழுப்பிவிட்டது. அக்காவின் பின்னாலேயே பெரட்டுக்களம் போனேன். வேலைக்குப் போகும் முன் எல்லோரும் கூடி நிற்கும் இடம் அது. பனியில் முகம் தெரியவில்லை, கம்பளிகள்தான் தெரிந்தன. எங்கள் ஊரில் கணக்குப்பிள்ளை என்றால் நிலத்துக் கணக்கு எழுதிக்கொண்டு நிழலில் இருப்பவர். இங்கே கணக்குப்பிள்ளை கையில் பிரம்பும் பெயர்ப் புத்தகமுமாக நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஆட்களை மேய்க்கும் வயதான சோலைக் கங்காணி. பெயர்களைக் கூப்பிட்டது கங்காணிதான். புத்தகமே தேவைப்படவில்லை, எல்லாம் மனப்பாடம்.

"செல்லாயி!"

"இருக்கேன்!"

அவ்வளவு நேரம் சளசளவென்றிருந்த கூட்டம் பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் கப்சிப். எல்லோரும் தங்கள் பெயருக்காகக் காது கொடுத்து நின்றார்கள். பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்காக நீ குரல் கொடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தாள்.

"அது எப்புடி? அவ பேருக்கு அவதான் சொல்லணும். ஆத்தாளே ஆனாலும் மகளுக்காகக் கொரல் குடுக்க முடியாது."

அவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். நான் மூன்று தரம் லயத்தைச் சுற்றினேன். பிறகு கடைத்தெருவுக்கு இறங்கினேன். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் தேநீர்க் கடைக்காரர் கொடுத்தது வெறும் சாயத்தண்ணி. கையில் ஒரு துண்டுச் சர்க்கரையை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விடுகிறது, நமக்குத் தூசுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூங்கில இழுத்துப் போட்டுட்டாங்களாமே நாட்டாளுங்க" என்றார். கீழே இருக்கும் சிங்கள ஊர்க்காரர்களைத்தான் இங்கே நாட்டாளுங்க என்கிறார்கள்.

"யார் பார்த்தது?"

"ராமையா பாத்தானாம்."

நேற்று சரிந்து கிடந்த மூங்கில் இன்று இழுத்துப் போடப்பட்டிருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் மத்தியானம் ராமையாவைத் தேடிப் போனேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், ஒல்லி, அதிகம் பேசாதவர். "நான் கிட்ட போகலீங்க. தூரத்துல ரோட்டுல இருந்து பாத்தேன். மூங்கில் கீழ கெடந்துச்சு. யாரு இழுத்தான்னு நான் சொல்லவே இல்லீங்க." பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கு இந்தச் சண்டையில இஷ்டமே இல்லீங்க. எம் பொண்டாட்டி பிரசவத்துக்கு ராத்திரியில வண்டி கொண்டாந்ததே அந்த ஊரு ஆளுதான். ஆனா மத்தவங்க எல்லாம் துணிஞ்சுட்டாங்களே. நான் ஒருத்தன் என்னா சொல்றது?"

அன்றும் மறுநாள் காலையிலும் இதையே இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டேன். எல்லோருக்கும் தனித்தனியாக இஷ்டமில்லை. எல்லோருக்கும் மற்றவர்கள் துணிந்துவிட்டதாக எண்ணம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மச்சானே சொன்னார்: "எனக்கு மட்டும் ஆசையா மாப்ள? சனம் கொதிச்சுப் போயிருக்கு. தலைவன்னு இருந்துக்கிட்டுப் பின்வாங்குனா மூஞ்சியில துப்புவாங்க."

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். ஆண்கள் நடுவில், பெண்கள் ஓரத்தில். முதலில் பேசியவர் மூங்கிலை இழுத்துப் போட்டார்கள் என்றார். இரண்டாவது ஆள் கத்தியால் வெட்டிப் போட்டார்கள் என்றார். மூன்றாவது ஆள் சொல்லும்போது ஊற்றில் சாணியைக் கரைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் கூட்டம் ஒரு சுற்று சூடேறியது. ராமையாவைத் தேடினேன். தலையைக் குனிந்துகொண்டு, மற்றவர்கள் கைதட்டும்போது அவரும் தட்டினார்.

நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம். கீழே ஊரிலும் தண்ணீர் இல்லையாம். ரயிலில் ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க யாரு பக்கம்?" என்று ஒரு குரல். நாற்பது முகங்கள் திரும்பின. ரயிலில் ரொட்டி தந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தவன், "இல்லை, சும்மா கேட்டேன்" என்று உட்கார்ந்தேன். இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாளைக் காலையில் ஊருக்குள் இறங்கிக் கேட்டுவிடுவோம் என்று மச்சான் முடித்தபோது "போவோம்! போவோம்!" என்று எல்லோரும் கத்தினார்கள். என் குரலும் அதில் இருந்தது. நன்றாகவே இருந்தது. சந்தேகப்பட்டவன் என்ற பெயரைக் கழுவிக்கொள்ள மற்றவர்களைவிட ஒரு பிடி கூடக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்தாள். என் மடியில் வைத்தாள்.

"இத நீயே திருப்பிக் கொண்டுபோ. நாளைக்கு மண்டை ஒடையும், போலீசு வரும், மொத ஆளா இவரப் புடிப்பாங்க. பெறகு வியாழக்கிழமை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?" மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நீயும் கத்துனியேடா. உனக்கு என்னா வந்துச்சு?"

நான் காகிதத்தை மறுபடி சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வேலையில்லாத நாள். ஆனாலும் கூடுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த இடம் பெரட்டுக்களம்தான். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு என்று ஆளுக்கு ஒன்று. என் கையில் யாரோ ஒரு கடப்பாரையைத் திணித்திருந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு, உரக்கச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சிரிப்பு யாருக்கும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அப்போது அக்கா சோலைக் கங்காணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கோட்டு போட்டு, தலைப்பாகை கட்டி, வேலைநாள் மாதிரியே வந்தார். தினமும் நிற்கும் கல்லின் மேல் ஏறி நின்றார். பழக்கம் பொல்லாதது. சளசளப்பு நின்றது. ஆட்கள் தாங்களாகவே வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

"பேர் கூப்புடப் போறேன்" என்றார் கங்காணி. "போறவன் போறேன்னு சொல்லு. போகாதவன் போகலன்னு சொல்லு. அவனவன் பேருக்கு அவனவன். நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இது என்னா புதுசா?" என்று மச்சான் முன்னால் வந்தார்.

"ஒங்க பேரு கடைசியில வருது தலைவரே. வரிசையில நில்லுங்க" என்றாள் அக்கா.

"ராமையா!"

கங்காணி இரண்டாம் முறை கூப்பிடவில்லை, காத்திருந்தார். ராமையா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் பெயர் எப்போது வரும் என்ற யோசனையில் இருந்தார்கள். அவர் கத்தியைக் காலடியில் வைத்தார்.

"போகல."

அடுத்த பெயர். "போகல." அதற்கடுத்தது. "போறேன்." அதற்கடுத்தது, "போகலீங்க." அப்படியே போனது. நேற்றுக் கோயில் வாசலில் நாற்பது பேரும் ஒரே வாயாகக் கத்தியவர்கள். இன்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தபோது "போறேன்" என்றவர்கள் நாலே பேர். சாணி கரைத்த கதையைச் சொன்னவர்கூடப் போகவில்லை.

"முனியாண்டி!"

மச்சான் ஒருதரம் அக்காவைப் பார்த்தார். மீசையைத் தடவினார். "போறேன்" என்றார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. "கத்தி இல்லாம போறேன். மண்வெட்டியோட. ஊருக்குள்ள இல்ல, ஊத்துக்கு. மொதல்ல கண்ணால பாத்துட்டு வருவோம்."

என் பெயர் அந்த வரிசையில் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கடப்பாரையும் கையுமாகத் தனியாக நின்றேன். அப்போதுதான் பியதாச சொன்னது முழுவதையும் வாய்விட்டுச் சொன்னேன்: அவர்கள் வாய்க்காலும் வறண்டு கிடக்கிறது, அவர்கள் நம்மைச் சந்தேகப்படுகிறார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" அவ்வளவுதான் கேட்டாள்.

கத்திகளை வைத்துவிட்டு மச்சானோடு ஏழெட்டுப் பேர் கிளம்பினோம். ஊற்றுக்கு முக்கால் மணி நேர ஏற்றம். அட்டைகள் என்னை மறக்கவில்லை. அங்கே போய்ப் பார்த்தால், வட்டவளையில் ரயிலை மறித்த அதே மழை இங்கேயும் வேலையைக் காட்டியிருந்தது. மேட்டிலிருந்து ஒரு மரம் வேரோடு சரிந்து, மண்ணையும் பாறையையும் ஊற்றின் வாயில் தள்ளியிருந்தது. தண்ணீர் வேறு பள்ளத்தில் இறங்கி யாருக்கும் உதவாமல் ஓடியது. மூங்கில்கள் கீழே கிடந்தன. மச்சான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் வெட்டுக்காயம் இல்லை.

கீழேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. ஊர் ஆட்கள் பத்துப் பேர் ஏறி வந்தார்கள். கையில் கத்தி, மண்வெட்டி. எங்களைக் கண்டதும் நின்றார்கள். நாங்களும் நின்றோம். நடுவில் பியதாச இருந்தார். என் கால் என்னைக் கேட்காமலே இரண்டடி முன்னால் போய்விட்டது. சரிந்த மரத்தைக் கையால் காட்டினேன். பியதாச மரத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், தன் ஆட்களிடம் திரும்பிச் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். கத்திகள் தாழ்ந்தன.

உடனே எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாறையை எந்தப் பக்கம் புரட்டுவது என்று உடனே வாக்குவாதம். "போறேன்" என்று சொன்னவர்களில் வந்திருந்த ஒருவர் கடைசி வரை அவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மரத்தின் நுனியைத் தூக்கியதும் அவர்தான். வெயில் உச்சிக்கு வரும்போது ஊற்றின் வாய் திறந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

களைப்பாற உட்கார்ந்தபோது பியதாச என் பக்கத்தில் வந்தார். "முறுக்கு நல்லாருக்குன்னு பிள்ளைங்க சொன்னாங்க" என்றார். பிறகு, "நேத்து எங்க புத்தர் கோயில் பன்சலையிலயும் கூட்டம். எனக்கு வர மனசில்ல. நீங்க முறுக்கு குடுத்ததச் சொல்லலாம்னு பாத்தேன். எல்லாரும் கோவமா இருந்தாங்க. சும்மா இருந்துட்டேன்" என்றார். நான் ரொட்டியைச் சொல்லாமல் உட்கார்ந்த அதே நேரத்தில் இந்த மனிதர் முறுக்கைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை விசாரணைக்கு நானும் போனேன். அலுவலகத் தாழ்வாரம் முழுக்கச் சனம். நான் தாழ்வாரத்தின் நீளத்தை எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார்: உன் குடும்பத்தின் மேல் போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா? பதில் சொல்ல வாயெடுத்த மச்சானை அக்கா கையால் நிறுத்தினாள். "இல்லீங்க" என்று அவளே சொன்னாள். தாழ்வாரம் வரை கேட்டது. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடிவு தபாலில் வருமாம்.

ஊர் திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தேர் விஷயமாக மறுபடி தெருக் கூட்டம். பேசினவர்களெல்லாம் பழையபடி சூடேற்றினார்கள். கீழத்தெருக்காரர்கள் வடத்தில் கை வைத்தால் கையை எடுப்போம் என்பது வரை போயிற்று. "என்னப்பா, எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று நாட்டாண்மை கேட்டார். "சம்மதம்!" என்று கூட்டம் கத்த வாயெடுத்தது.

நான் எழுந்தேன். "மொத்தமாகக் கேட்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவரவர் பெயருக்கு அவரவர் சொல்லட்டும்" என்றேன்.

கூட்டம் என்னை வேற்றாளைப் போலப் பார்த்தது. நாட்டாண்மை சிரித்தார். "சரிப்பா. அப்படியே செய்வோம். மொதல்ல உன் பேரு" என்றார்.

நாற்பது முகங்கள் இல்லை, அறுபது எழுபது இருக்கும். நானும் இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். ராமையா அன்று ஏன் அப்படிப் பார்த்தார் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

"தங்கவேலு!" என்றார் நாட்டாண்மை.

"சம்மதம் இல்லை" என்றேன்.